சின்ன ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், கால்சட்டைப் பையில் அடங்குகிற ரிவால்வர் வேண்டும் என்று கேட்டால், விற்பனையாளர் கண்ணாடிப் பேழையிலிருந்து நாலைந்தை எடுத்து வரிசையாக வைப்பார். எல்லாம் உள்ளங்கையில் அடங்குபவை. எல்லாவற்றுக்கும் இரண்டு அங்குலத்தை ஒட்டிய குழல். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அது தெரிவது குழலின் பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் எண்ணில்தான்: .22, .32, .38, .357, 9 மி.மீ. எத்தனை தோட்டா கொள்ளும், சுடும்போது கை எவ்வளவு வலிக்கும், குண்டு நினைத்த இடத்துக்குப் போகுமா, வாங்கியவர் பயிற்சிக்குத் திரும்பத் திரும்பப் போவாரா என்பதையெல்லாம் அந்த எண் தீர்மானிக்கிறது. முதல்முறை வாங்குகிறவர்களில் பலர் நிறத்தையும் பிராண்டையும் நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு, காலிபர் என்று வந்ததும் இருப்பதிலேயே பலமானதைக் கொடுங்கள் என்று கேட்டுவிடுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவு ரிவால்வரில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது .38 ஸ்பெஷல், அதிலும் உதைப்பு குறைந்த தோட்டா. கை சிறியதாகவோ வலுக் குறைந்தோ இருந்தால் .32 மேக்னம் அதைவிட நல்லது. .357 மேக்னத்தை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டுச் சுடும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுட்டுப் பார்த்தவை

இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தது ஸ்மித் அண்ட் வெசன். 1950-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் அந்நிறுவனம் ஐந்து தோட்டா கொள்ளும் ஒரு குட்டி .38 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. மாநாட்டை ஒட்டியே அதற்கு ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் வந்தது. அதன் சட்டக அளவைத்தான் இன்றுவரை ‘ஜே ஃபிரேம்’ என்கிறார்கள். இரண்டாண்டு கழித்து, நிறுவனத்தின் நூற்றாண்டை முன்னிட்டு வந்த ‘சென்டென்னியல்’ மாடலில் சுத்தியலை உள்ளே மறைத்துவிட்டார்கள். பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாத அந்த வடிவத்தின் வாரிசுதான் இன்றைய 642: அலுமினியக் கலவைச் சட்டகம், .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டா, சுமார் 410 கிராம்.

அதோடு வைத்துப் பார்த்தவை: ஸ்மித் அண்ட் வெசன் 340 பி.டி. (.357 மேக்னம், ஸ்காண்டியம் சேர்த்த அலுமினியச் சட்டகம், சுமார் 335 கிராம்), அதே நிறுவனத்தின் 640 (.357 மேக்னம், முழுக்க எஃகு, 640 கிராம் அளவு), 2024-இல் லிப்சீஸ் என்ற மொத்த விற்பனை நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த 432 யூ.சி. (.32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம், ஆறு தோட்டா, ஏறத்தாழ 450 கிராம்). ரூகர் நிறுவனத்தின் எல்.சி.ஆர். வரிசை 2009-இல் வந்தது. விசைப் பகுதியைப் பாலிமர் கூட்டில் வைத்த இந்த வடிவம் .22, .327, .38, .357, 9 மி.மீ. எனப் பல காலிபர்களில் கிடைக்கிறது. ஒரே கைப்பிடி, ஒரே விசை வடிவம் என்பதால் காலிபர் ஒப்பீட்டுக்கு இதைவிட வசதியான வரிசை கிடையாது.

சுட்டவர்கள் மூவர். நான் ஒருவன். சிறிய கைகள் கொண்ட, செவிலியராகப் பணிபுரியும் தோழி ஒருவர். விரல் மூட்டு வலியுள்ள, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். ஏழு கஜத் தொலைவில் காகித இலக்கு. முதலில் நிதானமாக, பிறகு வேகமாக ஐந்து, பிறகு ஒற்றைக் கையால். தற்காப்புக்கென்று வாங்கும் துப்பாக்கியை நிதானமாக மட்டும் சுட்டுப் பார்த்து மதிப்பிடுவது போதாது. முதல் குண்டுக்கும் இரண்டாவதற்கும் இடையில் குழல் எவ்வளவு தூக்குகிறது, திரும்ப எவ்வளவு விரைவில் இலக்குக்கு வருகிறது என்பதில்தான் காலிபரின் குணம் வெளிப்படும்.

எடைதான் முதல் கணக்கு

நியூட்டனின் மூன்றாம் விதிக்கு விதிவிலக்கு கிடையாது. குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னால் போகும் உந்தம், துப்பாக்கியாகக் கைக்குத் திரும்பி வருகிறது. துப்பாக்கி எவ்வளவு இலகுவோ அவ்வளவு வேகமாக அது பின்னால் வரும். உதைப்பின் ஆற்றல் அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குண்டின் எடை, வேகம், மருந்தின் எடை, தோட்டா நிரப்பிய துப்பாக்கியின் எடை ஆகியவற்றை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு இது:

.22 எல்.ஆர்., 420 கிராம் துப்பாக்கியில்: ஒரு ஜூலுக்கும் குறைவு.
.32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம், 450 கிராமில்: சுமார் 4 ஜூல்.
.38 ஸ்பெஷல் வாட்கட்டர் (தட்டை முனைக் குண்டு), 410 கிராமில்: 4 முதல் 5 ஜூல்.
.38 ஸ்பெஷல் பிளஸ் பி (அழுத்தம் கூட்டிய வகை), அதே துப்பாக்கியில்: 7 முதல் 8 ஜூல்.
9 மி.மீ., 490 கிராமில்: 7 முதல் 8 ஜூல்.
.357 மேக்னம், 640 கிராம் எஃகில்: சுமார் 12 ஜூல்.
.357 மேக்னம், 335 கிராமில்: சுமார் 20 ஜூல்.

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். தோட்டா ஒன்றுதான். துப்பாக்கியின் எடை பாதியானதும் உதைப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிவிட்டது. காலிபரையும் எடையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பையில் எடை தெரியக் கூடாது என்று 335 கிராம் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே, எந்தத் தோட்டாவை உங்கள் கை தாங்கும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சுத்தியல் மறைந்த இந்த ரிவால்வர்களில் ஒவ்வொரு முறையும் விசையை நீளமாக, ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தி இழுக்க வேண்டும். இலகுவானவற்றில் துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விரலில் விழுகிறது. இழுக்கும்போதே குழல் நகரும். அதைப் பழக்கத்தால்தான் அடக்க முடியும். பழக வேண்டுமானால் நிறையச் சுட வேண்டும். கை வலித்தால் யாரும் நிறையச் சுடுவதில்லை. உதைப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

.357 மேக்னம்: குட்டித் துப்பாக்கியில் வீண் செலவு

1935-இல் பெரிய எஃகு ரிவால்வர்களுக்காகப் பிறந்த தோட்டா இது. அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகும். .38 ஸ்பெஷலின் 17,000-ஐப் போல் இரு மடங்கு. 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) குண்டுக்கு நொடிக்கு 1,450 அடி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அது நாலு அங்குலக் குழலில் அளந்த வேகம். இரண்டு அங்குலக் குழலில் 250, 300 அடி காணாமல் போகிறது. எரிந்து முடியாத மருந்து குழலுக்கு வெளியே தீப்பந்தாக எரிகிறது. அந்த வெளிச்சமும் ஓசையும் உதைப்பும் உங்களுக்கு வந்து சேர்கின்றன. வேகம் மட்டும் வருவதில்லை.

340 பி.டி.யில் முழு பலத் தோட்டா போட்டுச் சுட்டபோது எனக்கும் தோழிக்கும் இரண்டாவது குண்டு முதலாவதின் அருகில் விழவில்லை. தோழி சில குண்டுகளோடு நிறுத்திக்கொண்டார். பெரியவரைச் சுடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எஃகால் ஆன 640-இல் அதே தோட்டா கடினம்தான், ஆனால் ஆளக்கூடியது. .357 துப்பாக்கி வாங்குவதில் ஒரு பயன் உண்டு: அதே அறையில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம், விட்டம் ஒன்றுதான். மறுபக்கம் செல்லாது. .38 துப்பாக்கிக்குள் .357 நுழையாதபடி அதன் கூட்டை நீளமாக்கியே வடிவமைத்தார்கள். ஆகவே 640 வாங்கி .38 போட்டுச் சுடுவது நல்ல யோசனை. அந்த எடையில் .38 பிளஸ் பி மிக மென்மையாகிவிடும்.

இலகுவான .357-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் குண்டின் உதைப்பில் மற்ற அறைகளில் இருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவலாம். அளவுக்கு மேல் நழுவினால் சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். தற்காப்புத் துப்பாக்கியில் இதைவிட மோசமான கோளாறு இருக்க முடியாது. இது தவிர, 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டுகளைப் போடக் கூடாது என்று 340 பி.டி.யின் குழலிலேயே எச்சரிக்கை பொறித்திருக்கிறார்கள்.

.38 ஸ்பெஷல்: இன்னும் அளவுகோல் இதுதான்

1890களின் கடைசியில் வந்த தோட்டா. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அமெரிக்கக் காவலர்களின் இடுப்பில் இருந்தது. இரண்டு அங்குலக் குழலில் இதன் பலவீனம் வேகக் குறைவு. முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு விரிய வேண்டுமானால் குறிப்பிட்ட வேகம் வேண்டும். குட்டிக் குழலில் பல குண்டுகள் அந்த வேகத்தை எட்டுவதில்லை. துணியின் இழைகள் குழியை அடைத்துக்கொண்டால் விரியாமலே போய்விடும். இந்தக் குறையை நேரே எதிர்கொண்டு உருவானது ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் பிளஸ் பி ஷார்ட் பேரல். நியூயார்க் காவல்துறையினரின் குட்டி ரிவால்வர்களை மனத்தில் வைத்துச் செய்தது. நொடிக்கு 860 அடி வேகத்திலேயே விரியும்படி குழியை அகலமாக்கியிருக்கிறார்கள். 642-இல் சுடும்போது உள்ளங்கையில் சுள்ளென்று பிடிக்கிறது. ஐந்தைத் தாங்கலாம். ஐம்பதைத் தாங்குவது சிரமம்.

இதற்கு மாற்றாக நான் மனமாரப் பரிந்துரைப்பது 148 கிரெய்ன் வாட்கட்டர். முனை தட்டையாக, கூட்டின் வாயோடு சமமாக அமர்ந்திருக்கும் ஈயக் குண்டு. போட்டிகளில் காகித இலக்கில் வட்டமாகத் துளை விழ வேண்டும் என்பதற்காக உருவானது. வேகம் குறைவு, அழுத்தம் குறைவு. விரிவதை இது நம்பியே இல்லை. தட்டை முனை திசுவை விலக்கித் தள்ளாமல் வெட்டிக்கொண்டு போகிறது, ஆழமும் போதுமான அளவு போகிறது. 642-இல் வாட்கட்டரைப் போட்டதும் மூவரின் இலக்குத் தாள்களும் மாறிவிட்டன. பெரியவர் வேகமாகச் சுட்ட ஐந்தும் ஒரு கையகல வட்டத்துக்குள் விழுந்தன. “இது என்னால முடியும் தம்பி” என்றார். ஒரு தற்காப்புத் தோட்டாவுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

வாட்கட்டரின் குறை, மறுபடி நிரப்பும்போது தெரியும். முனை தட்டை என்பதால் பதற்றத்தில் அறையின் விளிம்பில் தட்டி நிற்கும். அதனால் அனுபவசாலிகள் துப்பாக்கிக்குள் வாட்கட்டரும், பையில் வைத்திருக்கும் ஸ்பீட் ஸ்ட்ரிப் என்ற தோட்டாப் பட்டையில் முனை குவிந்த ஹாலோ பாயிண்ட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இரண்டும் ஏழு கஜத்தில் எங்கே விழுகின்றன என்று மட்டும் சுட்டுப் பார்த்துவிட வேண்டும். இந்த ரிவால்வர்களில் பெரும்பாலும் குறியை நகர்த்த முடியாது. கனமான, மெதுவான குண்டு சற்று மேலேயும் இலகுவான, வேகமான குண்டு சற்றுக் கீழேயும் விழுவது இயல்பு.

.32: பழையது, புதிதாய்த் திரும்பியது

1896-இல் நியூயார்க் காவல்துறையின் ஆணையராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தம் காவலர்களுக்கு ஒரே மாதிரித் துப்பாக்கி வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது .32 கோல்ட் ரிவால்வர். பிறகு .38 வந்து அதை ஓரங்கட்டியது. 1984-இல் .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் தோட்டாவின் கூட்டைச் சற்று நீட்டி .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னத்தை உருவாக்கினார்கள். நல்ல தோட்டா, ஆனால் அதற்கேற்ற குட்டித் துப்பாக்கிகள் வருவதும் போவதுமாக இருந்தன. 432 யூ.சி. வந்த பிறகு மறுபடி கவனம் திரும்பியிருக்கிறது.

காரணம் சுட்டதும் புரிந்தது. குண்டின் விட்டம் குறைவதால் அதே சிலிண்டரில் ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா. உதைப்பு .38 பிளஸ் பி-யில் பாதி. 85 கிரெய்ன் (ஐந்தரை கிராம்) குண்டு, அளவான வேகம். தோழி முதல் ஆறிலேயே, “இதை வாங்கிக்கிறேன்” என்று முடிவெடுத்துவிட்டார். வேகமாகச் சுடும்போது முன்குறி இலக்கை விட்டு அதிகம் விலகவே இல்லை. யூ.சி. வரிசையில் இருளில் ஒளிரும் முன்குறியும், கையை உயரமாகப் பிடிக்க இடம் தரும் கைப்பிடியும் இருக்கின்றன. பழைய ஜே ஃபிரேம்களின் வெட்டுக் குறியை மங்கிய ஒளியில் தேடித் தவித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறைகளையும் சொல்ல வேண்டும். .32 மேக்னம் தோட்டாவின் விலை .38-ஐ விட அதிகம். எல்லாக் கடைகளிலும் இருக்காது. வகைகளும் கொஞ்சம். குட்டிக் குழலில் ஹாலோ பாயிண்ட்டுகள் விரிவது உறுதியில்லை. விரியாவிட்டாலும் ஆழமாகப் போகும் தட்டை முனைக் குண்டுகளைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. பயிற்சிக்கு .32 லாங் போடலாம், அது இன்னும் மென்மை.

இதே குடும்பத்தின் வேகமான பிள்ளை .327 ஃபெடரல் மேக்னம். அழுத்தம் 45,000 பவுண்டு, .357-ஐயும் மிஞ்சும். எல்.சி.ஆரில் முழு பல .327 சுட்டால் காது கவசத்தையும் மீறி அறைகிறது. ஆனால் அந்தத் துப்பாக்கி .32 மேக்னம், .32 லாங் இரண்டையும் ஏற்கும். ஆகவே .327 துப்பாக்கி வாங்கி .32 மேக்னத்தைப் போட்டு வைத்துக்கொள்வது விவேகமான வழி.

இந்தக் குடும்பம் இந்தியர்களுக்குப் புதிதல்ல. இந்தியச் சட்டத்தில் .38-உம் 9 மி.மீ.யும் தடைசெய்யப்பட்ட காலிபர்கள். பொதுமக்களில் உரிமம் பெற்றவர் கையில் பெரும்பாலும் இருப்பது .32 ரிவால்வர். கான்பூர் ஃபீல்டு கன் தொழிற்சாலை 2014-இல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட ‘நிர்பீக்’ கூட அரைக் கிலோ எடையுள்ள ஆறு தோட்டா .32 தான். அங்கே சட்டம் கைகாட்டிய காலிபருக்கே இங்கே சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பவர்களும் திரும்புகிறார்கள்.

.22: சிறியது, ஆனால் ஒதுக்க முடியாதது

உதைப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். எல்.சி.ஆரில் எட்டுத் தோட்டா. தோட்டா விலையும் மிகக் குறைவு. கை நடுங்குபவருக்கும் மூட்டு வலி முற்றியவருக்கும் சுடக்கூடிய ஒரே காலிபர் இதுவாக இருந்தால், இதை வைத்திருப்பதே சரி. இலக்கில் விழுந்த .22, சுவரில் விழுந்த .357-ஐ விட மேல்.

ஆனால் ஒரு உள்ளார்ந்த குறை இருக்கிறது. .22-இல் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் பரவியிருக்கும். ஊசி அடிக்கும் இடத்தில் மருந்து சரியாகப் பரவாமல் போயிருந்தால் வெடிக்காது. நடுவில் தனி பிரைமர் வைத்த .32, .38 தோட்டாக்களில் இந்தச் சிக்கல் மிக அரிது. விளிம்பை நசுக்கி வெடிக்க வைப்பதற்குப் பலமான அடி வேண்டும் என்பதால் விசையும் கனமாகவே இருக்கும். விரல் வலுக் குறைந்தவருக்கு உதைப்பில் கிடைத்த சலுகை விசையில் பறிபோகிறது. வாங்கும் முன் விசையை அடுத்தடுத்து எட்டு முறை இழுத்துப் பாருங்கள். .22 மேக்னம் என்ற நீண்ட தோட்டாவும் உண்டு. அதன் மருந்து நீளக் குழலுக்கானது, குட்டிக் குழலில் பெரும்பகுதி வெளியே எரிந்துவிடுகிறது. கூடுதல் ஓசைக்கு ஏற்ற கூடுதல் பயன் எனக்குத் தெரியவில்லை.

9 மி.மீ.: சிலருக்கு மட்டும்

எந்தக் கடையிலும் கிடைக்கும், விலை மலிவு, குட்டிக் குழலிலும் வேகம் அதிகம் இழக்காது. இவ்வளவு நல்லது இருந்தும் ரிவால்வரில் இது விருந்தாளிதான். கூட்டுக்கு விளிம்பு கிடையாது என்பதால் பெரும்பாலும் ஐந்தையும் ‘மூன் கிளிப்’ என்ற மெல்லிய எஃகு வளையத்தில் மாட்டித்தான் போட வேண்டும். ஐந்தும் ஒரே நேரத்தில் நுழையும், ஒரே தள்ளலில் வெளியேறும். மறுநிரப்பலில் இதற்கு ஈடில்லை. குட்டி ரிவால்வரின் தள்ளுகோல் குட்டை என்பதால் நீளமான .357 கூடுகள் பாதியில் சிக்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வளையம் கொஞ்சம் வளைந்தாலும் சிலிண்டர் உரசி நிற்கும். உறையில்லாமல் பைக்குள் கிடந்தால் வளையும். தானியங்கிக் கைத்துப்பாக்கிக்காகச் செய்த தோட்டா என்பதால் கூட்டின் வாய் குண்டை அழுத்திப் பிடிக்கும் விதமும் ரிவால்வர் தோட்டாவைப் போல இறுக்கமில்லை. இலகுவான துப்பாக்கியில் குண்டு நழுவும் ஆபத்து இதிலும் உண்டு. ஏற்கெனவே 9 மி.மீ. கைத்துப்பாக்கி வைத்திருந்து, ஒரே தோட்டாவோடு நிறுத்திக்கொள்ள விரும்புகிறவருக்கு மட்டும் இது பொருந்தும்.

சக்தி என்று எதைச் சொல்கிறோம்?

கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியும் என்பது திரைப்படம் கற்பித்தது. குண்டு எதிராளிக்குக் கொடுக்கும் உந்தம், சுட்டவர் கையில் வாங்கிய உந்தத்தை விட அதிகமாக இருக்க முடியாது. கைத்துப்பாக்கி ஒருவரை உடலளவில் நிறுத்துவது குண்டு உடலின் முக்கிய உறுப்பை எட்டும்போதுதான். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. முகவர்கள் உயிரிழந்தார்கள். எதிராளியின் கையைத் துளைத்து மார்புக்குள் போன ஒரு 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. காயத்தோடு அவர் தொடர்ந்து சுட்டார். அதன் பிறகு எஃப்.பி.ஐ. ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்கும் முறையை வகுத்தது. குறைந்தது 12 அங்குலம், கூடியது 18 அங்குலம் ஊடுருவ வேண்டும். கனமான துணியின் வழியே போகும்போதும் அது குறையக் கூடாது.

குட்டி ரிவால்வருக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால், முதலில் கேட்க வேண்டியது ஆழம். அது கிடைத்த பிறகு விரிவு வந்தால் நல்லது. வாட்கட்டரும் தட்டை முனை .32-உம் பரிந்துரையில் வருவது இதனால்தான். 18 அங்குலத்தைத் தாண்டும் குண்டும் ஆபத்து, இலக்கைத் தவறவிட்ட குண்டு அதைவிட ஆபத்து. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்கள் இவற்றில் எதையும் தடுக்காது. அடுத்த அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதை மறந்து காலிபர் பேசக் கூடாது.

வாங்கும் முன் ஒரு வார்த்தை

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். வேறு சில மாநிலங்களில் உரிமம் கட்டாயம். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட்டுக்கே நெடுங்காலமாகக் கட்டுப்பாடுகள் உண்டு. காலிபரையும் குண்டு வகையையும் தேர்ந்தெடுக்கும் முன் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். சட்டம் பயிற்சியைக் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

பையில் வைப்பதானால் விசைக் காப்பை முழுவதும் மூடும் உறை கட்டாயம், அதே பையில் சாவியோ சில்லறையோ இருக்கக் கூடாது. வீட்டில் பூட்டிய பெட்டி கட்டாயம். கனமான விசை குழந்தைக்குத் தடை என்று நம்பாதீர்கள், இரண்டு கட்டைவிரல்களால் குழந்தைகள் இழுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால், துப்பாக்கி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். எந்தக் காலிபரும் அந்த நேரத்தில் தற்காப்பு ஆகாது.

தீர்ப்பு

பெரும்பாலானவர்களுக்கு: 642 வகை, .38 ஸ்பெஷல், வாட்கட்டர். நன்கு பழகிய பின் விரும்பினால் 135 கிரெய்ன் பிளஸ் பி.

சிறிய கை, வலுக் குறைந்த பிடி, அல்லது ஆறாவது தோட்டா வேண்டும் என்பவர்களுக்கு: 432 யூ.சி., .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம். தோட்டாவைத் தேடி வாங்கிச் சேர்த்து வைக்கும் பொறுமை வேண்டும்.

இடுப்பில் அணிபவர்களுக்கு, எடை பொருட்டில்லை என்றால்: எஃகு 640, அதில் .38 பிளஸ் பி.

உதைப்பே தாங்காதவர்களுக்கு: .22, கனமான விசையை இழுக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு.

எந்தப் பரிந்துரையையும் நம்பி நேரே வாங்க வேண்டாம். பல சுடுதளங்களில் துப்பாக்கியை வாடகைக்குத் தருகிறார்கள். இரண்டு காலிபர்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கஜத்தில் 15 செ.மீ. வட்டம் ஒன்றை மாட்டுங்கள். ஐந்து நொடிக்குள் ஐந்து குண்டுகள், எல்லாம் வட்டத்துக்குள் விழ வேண்டும். கை களைத்த பிறகும் ஒருமுறை செய்து பாருங்கள். அப்போதும் தேறுகிற தோட்டாக்களில் பெரியது எதுவோ, அதை வாங்குங்கள். ஆண்டுக்கொரு முறை இதே தேர்வை மறுபடி வையுங்கள். வயதோடு கை மாறும். கை மாறினால் காலிபரையும் தயங்காமல் மாற்றுங்கள்.